வாளிக்குள்ளேயே இறுகிப்போகும் சிமெண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செகாம்புட் பக்கம் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கியூப், அதாவது சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டி உடைப்பதுதான் பிழைப்பு. சில வருடங்களாக இரும்பு ஊதுலைக் கசடு, நிலக்கரிச் சாம்பல், சுட்ட களிமண் ஆகியவற்றில் காரக் கரைசல் ஊற்றி இறுக வைத்த கியூப்களும் எங்கள் மேசைக்கு வருகின்றன. கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் இறுதியாண்டு மாணவர்கள், மீதிப் பேர் புதுசாக ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் கன்ட்ராக்டர்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபாஸ்கல் வரும்?" என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது "கையில் எத்தனை நிமிடம் இருக்கும்?" என்பதைத்தான். மெகாபாஸ்கல் என்பது வலிமையின் அளவு. இந்தக் காரச் சிமெண்டில் வலிமை வரவழைப்பது சுலபம். இறுகும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் பாடு இருக்கிறது, அதுவும் நம் ஊர் வெயிலில்.

காரச் சிமெண்டு என்கிறீர்களே, அது என்ன?

மிளகாய்க் காரம் இல்லை, காஸ்டிக் சோடா வகைக் காரம்.

சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு தண்ணீர் பட்டாலே வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டதால் வந்த குணம் அது. உலைக் கசடுத் தூளில் வெறும் தண்ணீரை ஊற்றினால் ஈர மண் மாதிரி நாள் கணக்கில் கிடக்கும். அதன் துகள்கள் கண்ணாடி போன்றவை. அவற்றைக் கரைக்கக் காரம் வேண்டும். காஸ்டிக் சோடாவோ, வாட்டர் கிளாஸ் என்று கடையில் கேட்டு வாங்கும் சோடியம் சிலிக்கேட் கரைசலோ, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தோ அந்த வேலையைச் செய்கின்றன. கரைந்து வெளிவரும் சிலிக்கா, அலுமினா, கால்சியம் எல்லாம் மறுபடி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கூழாகி, கல்லாகின்றன.

கசடில் கால்சியம் ஏராளம், எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு சுண்ணாம்புதான். அதனால் அதிலிருந்து வரும் கூழ் போர்ட்லண்ட் சிமெண்டின் கூழுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கால்சியம் குறைந்த நிலக்கரிச் சாம்பலும் சுட்ட கயோலின் களிமண்ணும் வேறு வழியில் போகின்றன. அவற்றில் சிலிக்காவும் அலுமினாவும் முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொள்ள, சோடியம் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. இறுகும் நேரத்தில் உள்ள வித்தியாசமெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஜியோபாலிமர் என்பதும் இதுவும் ஒன்றா?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பெயரை 1970களின் இறுதியில் சூட்டியவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ். கசடை மட்டும் காரத்தால் இறுக்குவதை ஜியோபாலிமர் என்று அழைக்கக் கூடாது என்பது அவர் தரப்பின் கட்சி. அவருக்கு முன்பே 1940-இல் பெல்ஜியத்தில் பர்டன் என்பவர் கசடோடு காஸ்டிக் சோடாவைச் சேர்த்து ஆராய்ந்திருந்தார். 1957-இல் கீவ் நகரில் குளுகோவ்ஸ்கி என்பவர் இதைக் கட்டடம் கட்டும் அளவுக்குக் கொண்டுபோனார். ஆகவே "காரத்தால் தூண்டப்பட்ட சிமெண்டு" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கலந்தால் எவ்வளவு நேரத்தில் இறுகும்?

பத்து நிமிடத்திலிருந்து ஐந்து நாள் வரை. கிண்டல் செய்யவில்லை.

வாட்டர் கிளாஸ் ஊற்றிய கசடு 15 நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்குவது சாதாரணம். அதே கசடில் சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட் போட்டால் ஒரு நாளோ பல நாளோ ஆகும். கால்சியம் குறைந்த நிலக்கரிச் சாம்பலை மட்டும் வைத்துக்கொண்டு அறை வெப்பத்தில் காத்திருந்தால் மறுநாளும் விரல் பதியும். அதனால்தான் சாம்பல் கலவைகளை 60 முதல் 80 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து எடுக்கிறார்கள்.

போர்ட்லண்ட் சிமெண்டோடு ஒப்பிட்டால் சங்கடம் புரியும். அரைக்கும்போதே அதில் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்துவிடுகிறார்கள். ஜிப்சம் இல்லையென்றால் அதுவும் கலந்த கையோடு விறைத்துவிடும். அந்தக் கடிவாளத்தை நம்பித்தான் லோரியில் கான்கிரீட் ஏற்றி ஜாலான் டூத்தா நெரிசலில் நிற்க முடிகிறது. கசடுச் சிமெண்டுக்கு இப்படிப் பழகிய, நம்பகமான கடிவாளம் இன்னும் கிடைக்கவில்லை. கட்டுப்பாடு முழுவதும் நீங்கள் தயாரிக்கும் கரைசலிலும் அன்றைய வெப்பத்திலும் இருக்கிறது. ஐரோப்பாவில் 20 டிகிரி அறையில் எடுத்த நேரத்தைக் கட்டுரையில் படித்துவிட்டு, 33 டிகிரி மத்தியானத்தில் இங்கே கலப்பவர் ஏமாந்துபோவார்.

போன வாரம் கலந்தது வாளியிலேயே கல்லாகிவிட்டது. எங்கே தப்பு?

எனக்கும் நடந்திருக்கிறது. முதல் தடவை கசடுக் கலவை போட்டபோது காஸ்டிக் சோடாவைக் காலையில் கரைத்து, மத்தியானமே ஊற்றினேன். அச்சில் மூன்று கியூப் நிரப்பினேன். நாலாவதுக்குக் கரண்டியை விட்டால் கரண்டி நின்றது. எடுக்கவே வரவில்லை. அந்த வாளியும் கரண்டியுமாகச் சேர்ந்து இன்றுவரை எங்கள் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கின்றன.

காரணம் எளிது. காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது கொதிநிலைக்குப் பக்கம் வரை சூடேறும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் நடுவில் சூடு நிற்கும். அந்தச் சூட்டோடு கசடில் ஊற்றுவது அடுப்பில் வைத்துக் கலப்பதற்குச் சமம். கரைசலை முந்தின நாளே தயாரித்து இரவு முழுக்க ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அதற்கு மேலும் நேரம் வேண்டுமானால், கசடில் ஒரு பங்கை எடுத்துவிட்டு நிலக்கரிச் சாம்பல் போடுங்கள். என் அனுபவத்தில் மிக நம்பகமான வழி இதுதான். கால்சியம் குறையக் குறைய அவசரம் குறையும், முதல் நாள் வலிமையும் கூடவே குறையும். வாட்டர் கிளாஸின் அளவைக் குறைப்பது இன்னொரு வழி. கசடுத் தூளைக் குளிர்சாதன அறையில் வைத்திருந்து எடுப்பதும், காலை ஏழு மணிக்கே வேலையை ஆரம்பிப்பதும் கைகொடுக்கும். இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள்: கலக்கும் நேரத்தை நீட்டினாலும் இறுகுவது தள்ளிப்போகிறது. முதலில் உருவாகும் மெல்லிய கூழைக் கலவை யந்திரம் உடைத்துக்கொண்டே இருப்பதால் அப்படி. விறைக்கிறதே என்று பயந்து நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் கொஞ்சம் சேர்த்து இளக்கலாமா?

கூடாது. காரம் நீர்த்துவிடும், வலிமை போய்விடும், காய்ந்தபின் விரிசலும் வரும்.

சீனி போட்டால் தள்ளிப்போகும் என்கிறார்களே?

போர்ட்லண்ட் சிமெண்டுக்குச் சரி. லோரி வழியில் பழுதாகிவிட்டால் சீனியைக் கொட்டுகிற டிரைவர்களை நானே பார்த்திருக்கிறேன். காரச் சிமெண்டில் சீனியை நம்பி இறங்காதீர்கள். வெண்காரம் (போராக்ஸ்) சிலருக்குப் பலன் தந்திருக்கிறது, சிலருக்குத் தரவில்லை. தந்தவர்களுக்கும் தொடக்க வலிமை அடிவாங்கியிருக்கிறது. ரெடிமிக்ஸ் கம்பெனிகள் கலவையை இளக்க ஊற்றும் பிளாஸ்டிசைசர்களில் பலவும் இந்தக் காரத்தில் சிதைந்து போகின்றன.

இறுகிவிட்டது என்றால் வலுவும் வந்துவிட்டது தானே?

இல்லை. சமீபத்தில் ஒரு மாணவர் கொண்டு வந்த கியூப்கள் பார்க்க அழகு. விளிம்பு உடையாமல், மூலை கூராக, பளிங்கு மாதிரி. மறுநாளே அச்சிலிருந்து கழற்றிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். 28-ஆம் நாள் அழுத்தியபோது 4 மெகாபாஸ்கலைத் தாண்டவில்லை. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இறுகுவதை அளக்க விகாட் ஊசி இருக்கிறது. 1.13 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி, 300 கிராம் எடையோடு, 40 மில்லிமீட்டர் ஆழக் கூழுக்குள் இறங்கும். அடித்தட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே ஊசி நின்றுவிட்டால் இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் அது சொல்லும். சாந்து விறைத்துவிட்டது, இனிக் கரணை போடாதே என்கிறது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வலிமைக்கு அழுத்தும் யந்திரம். 100 மில்லிமீட்டர் கியூப் 30 மெகாபாஸ்கல் தாங்குகிறது என்றால் அந்தச் சின்னக் கட்டியின் தலையில் 30 டன் ஏறியிருக்கிறது. ஏழு யானை என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பதற்குத் துகள்களின் மேல்தோல் கரைந்து ஒட்டினால் போதும். யானையைத் தாங்க உள்ளிருப்பும் கரைந்து, இடைவெளிகளை நிரப்பி, வலை நெருக்கமாகப் பின்ன வேண்டும். வாட்டர் கிளாஸிலேயே சிலிக்கா இருப்பதால், தூள் சரியாகக் கரையாத கலவைகூட அந்தச் சிலிக்காவின் புண்ணியத்தில் பசை மாதிரி ஒட்டி நிற்கும். அந்த மாணவரின் கியூப்கள் அப்படித்தான் நின்றன.

சரி, ஒழுங்காகச் செய்தால் எத்தனை மெகாபாஸ்கல்?

வாட்டர் கிளாஸோடு நல்ல கசடு, அளவான தண்ணீர், 28 நாள்: 60-க்கு மேல் வருவது அதிசயமில்லை. முதல் நாளே 20-ஐத் தொடுவதையும் பார்த்திருக்கிறேன். காஸ்டிக் சோடாவை மட்டும் ஊற்றினால் முதல் இரண்டு நாள் வேகமாக ஏறி, பிறகு சோம்பிவிடும். அடுப்பில் வைத்த சாம்பல் கலவை வேறு மாதிரி. முதல் ஓரிரு நாளில் வந்ததுதான் சொத்து, அதற்கப்புறம் பெரிதாக ஏறாது. கசடு அப்படியில்லை, மூன்று மாதம் வரைகூட மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

பினாங்கில் எங்கே தோண்டினாலும் கருங்கல்தான். குவாரித் தூளை வைத்தே சிமெண்டு செய்யலாமா?

நிறையப் பேர் கேட்கிற கேள்வி. மேலே சொன்ன 4 மெகாபாஸ்கல் கியூப்பின் மர்மமும் இதுதான்: தம்பி பாதிக் கசடை எடுத்துவிட்டுக் கருங்கல் தூள் போட்டிருந்தார், மீதியில் கரைசலையும் குறைத்திருந்தார்.

கருங்கல் என்பது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் மைக்கா. எல்லாம் ஆற அமர, பூமிக்கடியில் மெதுவாகக் குளிர்ந்து படிகமானவை. படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் கைகோத்து நிற்கும், காரம் உள்ளே நுழைய இடமில்லை. கோம்பாக்கிலிருந்து பார்த்தால் தெரியும் புக்கிட் தாபோர் முகடு முழுக்க குவார்ட்ஸ். சுற்றியிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருட மழையில் கரைந்து போக, அது மட்டும் முதுகெலும்பு மாதிரி நிற்கிறது. அதைப் பொடித்துப் போட்டு வாட்டர் கிளாஸ் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்கலாமா?

உலைக் கசடு இதற்கு நேர் எதிர். உருகி வழியும்போதே தண்ணீரை அடித்துச் சட்டென்று குளிர்விப்பதால் அணுக்கள் வரிசையில் நிற்க நேரமில்லாமல் அப்படியே உறைந்துவிடுகின்றன. அந்தக் கண்ணாடித்தனம்தான் அதன் மதிப்பு. எரிமலைச் சாம்பலும் அதே சாதி என்பதால் ரோமானியர்கள் போட்சுவோலி சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து துறைமுகம் கட்டினார்கள். நம் தீபகற்பத்தில் அப்படிப்பட்ட சாம்பல் மலை இல்லை.

ஆனால் நமக்கு வேறொரு கொடை இருக்கிறது. அதே கருங்கல்லின் ஃபெல்ட்ஸ்பார் வெப்பத்திலும் மழையிலும் இற்றுப்போய்க் கயோலின் களிமண்ணாகியிருக்கிறது. பேராக்கில் தாப்பா, பீடோர் பக்கம் வெட்டியெடுக்கிறார்களே, அதுதான். அதை 700, 750 டிகிரியில் சுட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி, ஒழுங்கு குலைந்து, காரத்துக்குச் சுலபமாகக் கரையும் பொருளாகிவிடும். 900-ஐத் தாண்டவிட்டால் மறுபடி படிகமாகிக் கெட்டுவிடும். பாறை வகைச் சிமெண்டு என்று டேவிடோவிட்ஸ் குழு சொல்வதன் அடிப்படையும் இதுதான்: இற்றுப்போன பாறையைச் சுட்டு, கசடோடு சேர்த்து, பொட்டாசியம் சிலிக்கேட் கரைசலில் அறை வெப்பத்திலேயே இறுக்குவது. கசடின் கால்சியம் இறுகும் வேகத்தைத் தர, சுட்ட பாறை வலையைப் பின்னித் தருகிறது. எனக்குப் பிடித்த கலவை இது. தனிக் கசடின் அவசரமும் இல்லை, தனிச் சாம்பலின் சோம்பலும் இல்லை.

குவாரித் தூளை வீணாக்க வேண்டாம். மணலுக்குப் பதிலாகப் போடுங்கள்.

இரும்பாலைக் கசடு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, இதில் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. வேண்டியது ஊதுலையில் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும்போது வரும் கசடு, தண்ணீரடித்துக் குளிர்வித்து மாவாக அரைத்தது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும் ஆலைகளின் கசடு கறுப்பாக, கனமாக இருக்கும். மெல்லக் குளிர்வதால் பெரும்பகுதி படிகமாகிவிடும். சாலை போட ஜல்லியாக உதவும், சிமெண்டாக உதவாது. யாராவது லோரி நிறைய மலிவாகத் தருகிறேன் என்றால், எந்த உலை என்று கேளுங்கள்.

செம்பனை ஆலைச் சாம்பல்?

சிலிக்கா நிறைய உண்டு, அலுமினா குறைவு. எரியாத கரியும் கலந்திருக்கும், அது கரைசலைக் குடித்துவிடும். நன்றாகச் சுட்டு, நைசாக அரைத்து, கசடோடு ஒரு பங்காகச் சேர்க்கலாம். தனியாக நிற்காது.

எத்தனை மோலார் காஸ்டிக் சோடா? வீட்டில் செய்து பார்க்கலாமா?

ஆய்வுக் கட்டுரைகளில் 8 முதல் 14 வரை பார்ப்பீர்கள். 10 மோலார் என்றால் 400 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் வருமாறு நிரப்புவது. ஒரு லிட்டர் தண்ணீரில் 400 கிராமைப் போடுவது வேறு, நிறையப் பேர் இங்கே சறுக்குகிறார்கள். கசடுக்கு இவ்வளவு கனமான கரைசல் தேவையே இல்லை. கசடின் எடையில் 4 முதல் 8 விழுக்காடு சோடியம் ஆக்சைடு கணக்கில் வந்தால் போதும். அதிகம் ஊற்றினால் வலிமை கூடாது, வெள்ளைதான் பூக்கும்.

வீட்டில் வேண்டாம் என்பதுதான் என் பதில். மீறிச் செய்கிறவர்களுக்கு: தண்ணீரை முதலில் வைத்து அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். அம்மாவின் அலுமினியச் சட்டியை எடுக்காதீர்கள், காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தோலில் பட்டால் வழவழவென்று சோப்பு மாதிரி இருக்கும், முதலில் வலிக்காது, அதுதான் ஆபத்து. உடனே குழாயடியில் 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றும் வைத்தியம் வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

தினமும் தண்ணீர் ஊற்றி ஆறவிட வேண்டுமா?

சிமெண்டு என்றால் சாக்கை நனைத்துப் போட்டு ஏழு நாள் தண்ணீர் விடுவது நம் கொத்தனார்களின் கை பழக்கம். இதற்கு அது பாதகம். புதுக் கலவைமேல் தண்ணீர் நின்றால் காரம் கரைந்து வெளியே வந்துவிடும், மேல்தோல் மாவாக உதிரும். கோலாலம்பூரின் நாலு மணி மழை இதே வேலையைச் செய்யும். திறந்து காயவிட்டாலோ கசடுக் கலவை போர்ட்லண்டைவிட அதிகமாகச் சுருங்கி, மயிர் மாதிரி விரிசல் விடும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி, ஓரத்தில் கல் வைத்து, ஈரம் உள்ளேயே இருக்கும்படி ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலப்பச்சையாக இருக்கிறது, வெளியே வெள்ளை பூத்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

நீலப்பச்சை கசடிலுள்ள கந்தகத்தின் வேலை. காற்றுப் பட்டால் சில நாளில் வெளிறிவிடும், லேசான அழுகிய முட்டை வாடையும் போய்விடும். வெள்ளை, மிச்சக் காரம் மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்த சோடியம் கார்பனேட். துடைத்தபின் திரும்பத் திரும்ப வந்தால் கரைசலைக் குறையுங்கள்.

என் வீட்டுத் தூணுக்கு இதைப் போடலாமா?

இப்போதைக்கு நான் போடமாட்டேன். இங்கே சிமெண்டுக்கான எம்.எஸ். இ.என். 197-1 தரநிர்ணயம் காரச் சிமெண்டை உள்ளடக்காது. பிரிட்டனில் 2016-இல் பாஸ் 8820 என்ற விவரக்குறிப்பு வந்தது, ஆனால் உங்கள் கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் என்ஜினியர் பொறுப்பேற்க வேண்டுமே. நடைபாதைக் கல், வடிகால் மூடி, தொழிற்சாலைத் தரை என்று ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

பெரிய அளவில் செய்யவே முடியாது என்று நினைக்க வேண்டாம். உக்ரைனின் மரியுபோலில் 1960களிலேயே இதில் குடியிருப்புகள் எழுந்தன. ஆஸ்திரேலியாவின் துவூம்பா வெல்கேம்ப் விமான நிலையத்தில் 2014-இல் விமானங்கள் நிற்கும், திரும்பும் தளங்களுக்கு ஏறக்குறைய 40,000 கன மீட்டர் கசடும் சாம்பலும் சேர்ந்த கான்கிரீட் போட்டார்கள். நம் பத்துமலை முருகன் சிலைக்கு ஆனது 1,550 கன மீட்டர். இருபத்தைந்து முருகனுக்கான கான்கிரீட் அது. (முருகன் சிலையும் இதே சிமெண்டா என்று ஒருவர் கேட்டார். இல்லை, 2006-இல் திறந்த அந்தச் சிலை சாதாரணக் கான்கிரீட்தான்.)

ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துக் கடைவீடு. பூச்சு உதிர்கிறது, இதைப் பூசலாமா?

தயவு செய்து வேண்டாம். சூலியா தெருப் பக்கத்துப் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. செங்கல் ஈரத்தை இழுத்து, சுண்ணாம்பு வழியாக மூச்சு விடும். அதன்மேல் அடர்த்தியான சிமெண்டை, அதிலும் சோடிய உப்பு நிறைந்ததை அப்பினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்பு படிகமாகி, செங்கல் முகமே பெயர்ந்து விழும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது உண்மையா?

பெரும்பாலும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயுவாகப் பறந்துவிடும், எரிபொருளின் புகை வேறு. கசடுக்கு அந்தப் பாவம் இல்லை. ஆனால் வாட்டர் கிளாஸ் வானத்திலிருந்து வரவில்லை. மணலையும் சலவைச் சோடாவையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கித்தான் அதைச் செய்கிறார்கள். செலவிலும் கரியமிலக் கணக்கிலும் பெரிய பங்கு அந்த டிரம்முக்குத்தான். விளம்பரத்தில் வெறும் தூளின் கணக்கை மட்டும் காட்டினால் கரைசலின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். நல்ல கசடை ஏற்கெனவே போர்ட்லண்டோடு கலந்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே ஒரு டன் எடுத்தால் அங்கே ஒரு டன் குறையும்.

கரைசலே இல்லாமல், தண்ணீர் மட்டும் ஊற்றும் வகை இருக்கிறதாமே?

இருக்கிறது. சோடியம் மெட்டாசிலிக்கேட்டைத் தூளாகவே கசடில் கலந்து பையில் அடைத்துவிடுகிறார்கள். டிரம் தூக்கும் தொல்லை இல்லை, காஸ்டிக் தெறிக்கும் பயம் குறைவு. ஆனாலும் அந்தத் தூள் காரம்தான், கையுறையும் கண்ணாடியும் கழற்றக் கூடாது. தூள் கரையும்போது சூடு கிளப்பும், எனவே பையைத் திறக்கும் முன் தண்ணீரைக் குளிர்வித்து வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பாதி திறந்த பை ஒரு வாரத்தில் கட்டி தட்டும். போன மாதம் ஒரு கன்ட்ராக்டர் அப்படி மீந்த பையைக் கொண்டுவந்து "இதுக்கு எத்தனை மெகாபாஸ்கல் வரும்?" என்றார். ஊசியைப் போட்டுப் பார்த்தோம். மூன்று மணி நேரமாகியும் ஊசி அடித்தட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தது.